கருவாட்டுக்கு மகுடம் சூட்டிய ஊர்

நார்வேயைப் பற்றிய எந்தச் சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினாலும் அந்தப் படம் கண்ணில் படாமல் போகாது. துறைமுகத் தண்ணீரின் விளிம்பில், தோளோடு தோள் உரசி நிற்கும் கூர்முகட்டு மரக் கட்டடங்கள். சிவப்பு, மஞ்சள், காவி, வெள்ளை. பின்னால் ஈரம் சொட்டும் பச்சை மலை. பெர்கன் நகரத்தின் ‘பிரிக்கன்’ துறைமுக வரிசை அது. உல்லாசக் கப்பல்களில் வந்து இறங்குகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மலை ரயிலில் ஏறி இறங்குகிறார்கள். மீன் சந்தையில் ஒரு தட்டு சால்மன் சாப்பிட்டுவிட்டு மாலையில் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஊரின் முகத்தைப் பார்த்தாயிற்று என்ற திருப்தி அவர்களுக்கு. பெர்கனின் சுவாரசியமோ முதுகுப்புறத்தில் இருக்கிறது.

பார்வைக்கு அவை வீடுகள், கட்டியது கிடங்குகளாக. முகப்பு வரிசைக்கு நடுவே இருக்கும் சந்து ஒன்றில் நுழைந்தால் அது புரிந்துவிடும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய அகலம். காலடியில் பலகைத் தளம். இரண்டு பக்கமும் கறுத்துப்போன மரச்சுவர்கள், மேலே நீண்டு நிற்கும் மாடிகள், சரக்கைத் தூக்கக் கப்பி மாட்டிய உத்தரங்கள். செங்குத்தாக நிற்கும் சுவர் ஒன்றுகூட இல்லை. ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இன்னொன்று அதன்மேல் சரிந்து தாங்கிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு இங்கே கைவினைக் கடைகளும் கம்பளிக் கடைகளும் ஓவியக் கூடங்களும் இருக்கின்றன. நானூறு ஆண்டுகளுக்கு இங்கே இருந்தது ஒரே சரக்கு: கருவாடு.

நம் கருவாடு உப்பில் ஊறி வெயிலில் காய்வது. இவர்களுடைய ‘தோர்ஃபிஸ்க்’ உப்பைக் கண்டதே இல்லை. வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் லோஃபோட்டன் தீவுகளில் குளிர்காலத்தில் காட் மீன் முட்டையிட வரும். பிடித்த மீனின் தலையை எடுத்து, குடல் நீக்கி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரப் பந்தல்களில் தொங்கவிடுவார்கள். பிப்ரவரி முதல் மே வரை கடற்காற்று வேலை செய்யும். தண்ணீர் உறையும் நிலைக்குச் சற்று மேலும் கீழுமாக வெப்பம் ஊசலாடும் இடம் அது. அதனால் மீன் அழுகவும் செய்யாது, பனிக்கட்டியாக இறுகி வெடிக்கவும் செய்யாது. காய்ந்து முடியும்போது எடை ஐந்தில் ஒரு பங்காகிவிடும். விறகுக் கட்டை என்றே சொல்லலாம். சுத்தியலால் அடித்துத்தான் உடைக்கவேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் கெடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத ஐரோப்பாவில், நோன்பு நாளில் இறைச்சியை விலக்கிய கத்தோலிக்கத் தேவாலயத்தின் ஆட்சியில், கெடாத மீன் என்றால் அது காசு.

அந்தக் காசு முழுவதும் பெர்கன் வழியாகப் போகவேண்டும் என்று அரசர்கள் பார்த்துக்கொண்டார்கள். பெர்கனுக்கு வடக்கே அயல்நாட்டு வணிகர்கள் கப்பல் ஓட்டக்கூடாது என்று 1294-ல் ஆணை வந்தது. வடக்கத்தி மீனவர்கள் கருவாட்டை ஏற்றிக்கொண்டு இங்கே வருவார்கள்; தானியத்தோடு திரும்புவார்கள். நார்வேயின் பாறை நிலத்தில் விளைவது ஊர் வயிற்றுக்குப் போதாது. பால்டிக் கடலோரத்து ரை தானியமும் மாவும் யார் கையில் இருந்ததோ அவர்கள் கைக்குக் கருவாடு போனது. அவர்கள் வட ஜெர்மனியின் லூபெக் நகரத்து வணிகர்கள்; ஹான்சா என்ற வணிகக் கூட்டணியின் ஆட்கள். 1360 வாக்கில் பிரிக்கனில் தங்கள் கிளை அலுவலகத்தை முறைப்படி நிறுவினார்கள். லண்டன், ப்ரூஜ், நோவ்கொரோட், பெர்கன் என்று நான்கே நான்கு இடங்களில்தான் ஹான்சாவுக்கு இப்படிப்பட்ட பெரிய கிளை இருந்தது. பெர்கன் கிளையின் சின்னத்தில் ஒரு பாதி லூபெக்கின் கழுகு. மறுபாதி, தலையில் மகுடம் வைத்த கருவாடு. எந்த வணிகக் கழகமும் தன் பிழைப்பை இவ்வளவு வெளிப்படையாகச் சின்னத்தில் பொறித்துக்கொண்டதில்லை.

வணிக முறையும் எளிமையானது, கொடுமையானதும்கூட. இந்த வருடக் கருவாட்டுக்கு அடுத்த வருடத் தானியத்தை முன்கடனாகக் கொடுப்பது. கடன் தீராது. தீராத வரை மீனவர் வேறு வணிகரிடம் போகமுடியாது. அப்பன் பட்ட கடன் மகன் தலையில் ஏறும். அதே சமயம், மீன் வராத ஆண்டில் அந்தக் குடும்பம் பட்டினி கிடக்காமல் காத்ததும் அதே கடன்தான். நார்வேயின் வரலாற்றாசிரியர்கள் இதைச் சுரண்டல் என்றும் காப்பீடு என்றும் இரண்டு பக்கமும் நின்று வாதாடியிருக்கிறார்கள்.

பெண் வாசம் இல்லாத தெரு

பிரிக்கனில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஒருவருக்கும் மணம் செய்துகொள்ள அனுமதி இல்லை. உள்ளூர்ப் பெண்ணைக் கட்டினால் சொத்தும் வணிக ரகசியமும் உள்ளூருக்குப் போய்விடும் என்ற பயம். பதின்ம வயதில் பயிற்சிப் பையனாக வந்து, எழுத்தராகி, மேலாளராகி, பணம் சேர்த்து ஊர் திரும்பிய பிறகே குடும்பம். தெருவுக்குப் பின்னால் இருந்த ஓவ்ரெகாத்தன் சாலையில் விடுதிகளும் விலைமாதர் இல்லங்களும் பெருகியதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை.

அதைவிடக் கடினமான விதி நெருப்பைப் பற்றியது. மரக் கட்டடங்களில் அடுப்போ கணப்போ கூடாது. நார்வே குளிர்காலத்தில், கடலோரத்தில், நெருப்பே இல்லாத அறையில், பெட்டி மாதிரியான படுக்கைக்குள் பையன்கள் இருவர் இருவராகப் படுத்துக்கிடந்தார்கள். சூடான சோறும் குளிர்காய நெருப்பும் வேண்டுமென்றால் பின்புறம் தனியாகக் கட்டிய ‘ஷோட்ஸ்டூவ’ கூடத்துக்கு வரவேண்டும். அதுவே சாப்பாட்டு அறை, பள்ளிக்கூடம், நீதிமன்றம், குடிக்கும் இடம். இந்தக் கூடங்கள் இன்றும் இருக்கின்றன; உள்ளே போய்ப் பார்க்கலாம். நீண்ட மேசைகளின் முன்னால் உட்கார்ந்தால் அந்த வாழ்க்கையின் சலிப்பு கொஞ்சம் பிடிபடும்.

சலிப்புக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துக்கு ‘பெர்கன் விளையாட்டுகள்’ என்று பெயர். புதிதாக வந்த பையனைக் கயிற்றில் கட்டிப் புகைக்கூண்டுக்குள் தூக்கி, கீழே நாற்றம் பிடித்த குப்பையைக் கொளுத்தி, மூச்சு முட்டுகிறவனிடம் கேள்வி கேட்பது ஒன்று. துறைமுகத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பிரம்பால் விளாசுவது இன்னொன்று. கல்லூரி ராகிங்கின் மூதாதை. ஊர் மக்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். 1671-ல் அரசர் ஐந்தாம் கிறிஸ்டியன் இதைத் தடைசெய்தார். கிளை 1754-ல் முடிவுக்கு வந்து வணிகம் நார்வேக்காரர்கள் கைக்கு மாறியது. ‘ஜெர்மானியர் துறை’ என்ற பழைய பெயரை மட்டும் ஊர் அதற்குப் பிறகும் வைத்திருந்தது. 1945-ல், ஐந்தாண்டு நாஜி ஆக்கிரமிப்பு முடிந்த கையோடு, ‘ஜெர்மானியர்’ என்ற சொல் உதிர்ந்தது. வெறும் ‘துறை’ என்று பொருள்படும் பிரிக்கன் மிஞ்சியது.

நெருப்பை இவ்வளவு கட்டுப்படுத்தியும் நெருப்பு விடவில்லை. 1702-ல் பிரிக்கன் முழுவதும் எரிந்தது. இப்போது நாம் பார்ப்பது அதற்குப் பிறகு, பழைய வரைவு மாறாமல் கட்டியது. ஊருக்கு நடுவே அகன்ற திறந்த வெளிகள் அங்கங்கே குறுக்கிடுவதைக் கவனிக்கலாம். உலாவுவதற்காகப் போட்டவை என்று தோன்றும். தீ தாண்டாமல் இருக்க விட்ட இடைவெளிகள் அவை. 1916 ஜனவரியில் நகர மையத்தில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் எரிந்தன. 1955-ல் பிரிக்கனின் வடபாதி போயிற்று. எஞ்சியவை 62 கட்டடங்கள். 1979-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியவை இவையே.

அந்த 1955 தீ ஒரு நன்மையும் செய்தது. எரிந்த இடத்தை அஸ்பியோர்ன் ஹெர்தெய்க் என்ற தொல்லியலாளர் தோண்ட ஆரம்பித்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீண்டது அந்த அகழாய்வு. அறுநூறுக்கும் அதிகமான ரூன் எழுத்துப் பொறிப்புகள் கிடைத்தன, பெரும்பாலும் மரக்குச்சிகளில். அதுவரை ரூன் என்றால் வீரர்களின் நடுகல்லில் செதுக்கும் எழுத்து என்ற எண்ணம் இருந்தது. இந்தக் குச்சிகளில் இருந்ததோ அன்றாடம்: சரக்கு மூட்டைக்கு உரிமையாளர் பெயர், வணிகக் கடிதம், காதல் வரி, வசை. ஒரு குச்சியில், ஒருவரை வீட்டுக்குத் திரும்பிவரச் சொல்லி கீதா என்ற பெண் அனுப்பிய செய்தி இருக்கிறது. சாராயக்கடையில் உட்கார்ந்திருந்த கணவனுக்குப் போனது என்று ஊகிக்கிறார்கள். மறுபக்கத்தில் ஏதோ பதில் கிறுக்கியிருக்கிறது, ஒருவராலும் படிக்கமுடியவில்லை. ஊகம் சரியாகத்தான் இருக்கவேண்டும். தோண்டிய இடத்திலேயே 1976-ல் திறந்த பிரிக்கன் அருங்காட்சியகத்தில் பழைய அடித்தளங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இப்போதைய எதிரி தண்ணீர். அதுவும் தண்ணீர் குறைவது. மழையூரில் இது விநோதமாகத் தெரியும். பிரிக்கன் கட்டடங்கள் நிற்பது பல நூற்றாண்டுகளாகக் கடலோரத்தில் அடுக்கிய மரச்சட்டங்கள் மேலும் கொட்டிய குப்பை மேலும். நிலத்தடி நீரில் மூழ்கிக் கிடக்கும்வரை அந்த மரம் உளுக்காது. காற்றுப் பட்டால் அழுகும். தீயில் எரிந்த இடத்தில் எழுந்த நவீனக் கட்டடத்தின் வடிகால், பக்கத்தில் நீர்மட்டத்தை இழுத்துவிட்டது. பழைய வரிசை மெல்ல அமிழத் தொடங்கியது. மழைநீரை மண்ணுக்குள் திருப்பிவிட்டு நீர்மட்டத்தை உயர்த்திக்கொண்டிருக்கிறார்கள். மேலே தச்சர்கள் ஒவ்வொரு கட்டடமாகத் தூக்கி நிறுத்தி, பழைய கருவிகளைக் கொண்டே பழுதான சட்டங்களை மாற்றுகிறார்கள். சந்துக்குள் இழைப்புளிச் சத்தம் கேட்டால் நின்று பாருங்கள். கடைகளில் தொங்கும் கம்பளிச் சட்டைகளைவிட அது உருப்படியான காட்சி.

மலைமேல் ஒரு நங்கூரம்

வரிசையின் வடக்கு முனையில் கற்கோட்டை. மூன்றாம் ஓலாவ் அரசர் 1070-ல் நிறுவியதாகச் சொல்லப்படும் பெர்கன், பதின்மூன்றாம் நூற்றாண்டில் நார்வேயின் தலைநகர் போல இருந்தது. அந்தக் காலத்தின் மிச்சம் ஹோகோன் அரங்கம். அரசர் ஹோகோன் ஹோகோன்சன் கட்டிய இந்த விருந்து மண்டபம் 1261-ல் அவர் மகன் மாக்னுசுக்கும் டேனிஷ் இளவரசி இங்கெபோர்குக்கும் நடந்த கல்யாணத்துக்குத் தயாரானது. பிறகு தானியக் கிடங்காகி, அது அரண்மனை என்பதே ஊருக்கு மறந்துபோயிற்று. பக்கத்தில் ரோசன்க்ரான்ஸ் கோபுரம். 1560-களில் ஆளுநர் எழுப்பியது. அதன் துப்பாக்கித் துளைகளில் ஜெர்மானியர் துறையைப் பார்த்தவையும் உண்டு என்பது ஊரார் விரும்பிச் சொல்லும் செய்தி.

1944 ஏப்ரல் 20. ஆக்கிரமிப்புப் படைக்கு வெடிமருந்து ஏற்றிவந்த ‘வூர்போடெ’ என்ற டச்சுக் கப்பல் கோட்டைக்கு எதிரே வெடித்தது. உள்ளே இருந்தது சுமார் 120 டன். 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். மண்டபத்தின் கூரை எரிந்தது, கோபுரம் இடிந்தது, பிரிக்கனின் ஓடுகள் பறந்தன. கப்பலின் நங்கூரம் ஆகாயத்தில் பறந்து, நானூறு மீட்டர் உயரமுள்ள சான்விக் மலையில் போய் விழுந்தது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மண்டபத்தைச் செப்பனிட்டு, அந்தக் கல்யாணம் நடந்து 700 ஆண்டு ஆனபோது, 1961-ல் திறந்தார்கள்.

பக்கத்துத் தெருவில் மேரி தேவாலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம். ஊரில் நிற்பவற்றில் மூத்தது. 1408 முதல் ஜெர்மானியர் தேவாலயமாக இருந்ததால் உள்ளே இருக்கும் அலங்காரத்தில் கருவாட்டுப் பணத்தின் மினுக்கு தெரியும். குறிப்பாக 1676-ம் ஆண்டுப் பிரசங்க மேடை.

மாமனாரும் மருமகனும்

ரயில் நிலையத்துக்கு அருகில், சுற்றுலா வழிகாட்டிகள் வேகமாகக் கடந்துபோகும் இடம் செயின்ட் யோர்கன் மருத்துவமனை. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே தொழுநோயாளிகளுக்கு இல்லம் இருந்தது. இப்போது நிற்கும் மரக் கட்டடங்கள் 1702 தீக்குப் பிந்தியவை. நடுக்கூடத்தைச் சுற்றி மாடியிலும் கீழும் சின்னஞ்சிறு அறைகள். ஓர் அறையில் இருவர். சமையலறையில் வரிசையாக அடுப்புகள். கையில் உணர்ச்சி இல்லாதவர்கள் அவற்றில் தாங்களே சமைத்துக்கொண்டார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நார்வேயின் ஏழை விவசாயிகளிடமும் மீனவர்களிடமும் தொழுநோய் பெருகியது. பெர்கனில் மட்டும் மூன்று பெரிய மருத்துவமனைகள். 1856-ல் நாடு முழுவதும் நோயாளிகளை ஒருவர் விடாமல் பதிவுசெய்யத் தொடங்கினார்கள்; ஒரு நோய்க்கு நாடளாவிய பதிவேடு உலகிலேயே முதன்முறை. இந்த ஆவணங்கள் 2001 முதல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவு’ப் பதிவேட்டில் இருக்கின்றன.

இங்கே பெரிய டாக்டர் டேனியல் டேனியல்சன். தொழுநோய் பரம்பரையாக வருவது, தொற்றாது என்பது அவர் கட்சி. நிரூபிக்க நோயாளியின் திசுவைத் தன் உடலிலேயே செலுத்திக்கொண்டார், நோய் வரவில்லை. அவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, அவர் மகளையே மணந்த கெர்ஹார்ட் ஆர்மவுர் ஹேன்சன், 1873-ல் நுண்ணோக்கியில் கோல் வடிவக் கிருமிகளைக் கண்டார். காரணம் கிருமி; மாமனார் சொன்னது தவறு. அதே ஆண்டு மனைவி காசநோயில் இறந்துபோனார். நீண்டகால நோய் ஒன்றுக்குக் கிருமி காரணம் என்று முதலில் சுட்டியவர் ஹேன்சன்தான். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது 1882-ல்.

கதை இங்கே முடிந்தால் சிலை வைத்துவிட்டுப் போகலாம். கண்ட கிருமிதான் நோயைத் தருகிறது என்று ஹேன்சனால் நிரூபிக்கமுடியவில்லை. ஆய்வகத்தில் அதை வளர்க்கவே முடியவில்லை. பொறுமை இழந்து, ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவரிடம் கேட்காமலே, இன்னொருவரின் நோய்த் திசுவை ஊசியால் செலுத்தினார். அந்தப் பெண் புகார் செய்தார். 1880-ல் பெர்கன் நீதிமன்றம் ஹேன்சனின் மருத்துவமனைப் பதவியைப் பறித்தது. புகழ்பெற்ற விஞ்ஞானிக்கு எதிராக, நோயாளியின் சம்மதம் என்ற ஒன்றுக்காக, ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கிடைத்த தீர்ப்பு. என்னைக் கேட்டால், பெர்கன் உலகத்துக்குக் கொடுத்தவற்றில் கிருமிக்குச் சமமாக இதையும் வைப்பேன். நாட்டின் தொழுநோய்த் தலைமை மருத்துவராக ஹேன்சன் நீடித்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

யோர்கன் மருத்துவமனையின் கடைசி நோயாளிகள் இருவர் 1946-ல் இறந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தவர்கள். செங்கல்பட்டு திருமணியிலும் வேலூர் அருகே கரிகிரியிலும் தொழுநோய் ஆராய்ச்சிக்கென்று நிறுவனங்கள் வளர்ந்த தமிழ்நாட்டில், ‘ஹேன்சன் நோய்’ என்ற பெயரைப் படிக்காத மருத்துவ மாணவர் இல்லை. அந்தப் பெயர் புறப்பட்ட படிக்கட்டுகள் இவை.

மிச்சம் உள்ளவை

ஊருக்குத் தெற்கே, ட்ராமில் போய்க் கொஞ்சம் நடந்தால் ட்ரோல்ட்ஹௌகன். இசையமைப்பாளர் எட்வர்ட் க்ரீக் 1885 முதல் 1907-ல் இறக்கும்வரை கோடைகளைக் கழித்த வீடு. பெர்கனில் பிறந்தவர். பதினைந்து வயதில் அவரை லைப்சிக்குக் கற்க அனுப்பச் சொன்னது ஊரின் இன்னொரு பிரபலம், வயலின் மேதை ஊலே புல். வீட்டைவிடப் பார்க்கவேண்டியது ஏரிக்கரையில் அவர் 1891-ல் கட்டிக்கொண்ட குடில். ஒரு பியானோ, மேசை, ஜன்னல், தண்ணீர். மனிதர் ஐந்தடிதான், பியானோ எட்டுவதற்காக பேத்தோவன் இசைப் புத்தகத்தை நாற்காலியில் போட்டு உட்கார்ந்தார் என்பார்கள். புல் வளர்ந்த கூரைகொண்ட அரங்கத்தில் கோடை மதியங்களில் கச்சேரி நடக்கிறது. மேடைக்குப் பின்னால் கண்ணாடி; அதன் வழியே குடிலும் ஏரியும். ஏரியைப் பார்த்த பாறை ஒன்றில் குடைந்த குழியில் க்ரீக், அவர் மனைவி நீனா இருவரின் சாம்பலும் இருக்கிறது.

ஃப்ளோயன் மலை ரயில் 1918 முதல் ஓடுகிறது. சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். ஏறலாம், ஆனால் நடந்து இறங்குங்கள். வெள்ளை மரவீடுகளுக்கு நடுவே வளைந்து வரும் கல்பாவிய சந்துகள் டிக்கெட் இல்லாத காட்சி. கால்பலம் உள்ளவர்களுக்கு உல்ரிக்கன், 643 மீட்டர். ஊரைச் சூழ்ந்த ஏழு மலைகளில் பெரியது. அதன் சரிவில் நேபாளத்திலிருந்து வந்த ஷெர்ப்பாக்கள் அமைத்த 1,333 கற்படிகள் இருக்கின்றன. ஓவியப் பிரியர்கள் கோடெ அருங்காட்சியகத்தைத் தவறவிடக்கூடாது. ராஸ்முஸ் மேயர் என்ற ஆலை முதலாளி சேர்த்துவைத்த எட்வர்ட் முங்க் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயம் 1992-ல் தீவைப்பில் சாம்பலாகி மறுபடி கட்டியது. அழகுதான், ஆனால் பழையதைப் பார்க்கிறோம் என்று நினைத்துப் போகவேண்டாம். மீன் சந்தையில் இன்று ஊர்க்காரர்களைவிடப் பயணிகள்தான் அதிகம். விலையும் அதற்குத் தக்கபடிதான்.

பெர்கனுக்குத் தமிழ்த் தொடர்பு என்று தேடினால் அதுவும் சுற்றுலா வரைபடத்தில் இல்லை. ஈழத்தமிழர் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. இலங்கையில் நார்வே நடத்திய சமாதான முயற்சி ஏன் தோற்றது என்று 2011-ல் வந்த மதிப்பீட்டு அறிக்கையை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றுடன் சேர்ந்து தயாரித்தது, இந்த ஊரில் இருக்கும் மிக்கெல்சன் ஆய்வு நிறுவனம். அதற்குப் பணம் கொடுத்ததும் நார்வே அரசே. தன் தோல்வியைத் தானே காசு கொடுத்து எழுதவைக்கும் வழக்கம் நம் பக்கத்து அரசுகளுக்கும் வந்தால் தேவலை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அட்லாண்டிக் ஈரக்காற்று ஏழு மலைகளிலும் முட்டிக் கொட்டித் தீர்க்கிறது. 2006 அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து 85 நாள் விடாமல் பெய்ததும் உண்டு. காற்றில் குடை நிற்காது, மழைக்கோட்டு கொண்டுபோங்கள். மே, ஜூன் மாதங்கள் உத்தமம். ஓஸ்லோவிலிருந்து வருவதென்றால் விமானத்தை விட்டுவிட்டு, 1909-ல் திறந்த மலைப்பாதையில் ஏழு மணி நேரம் ரயிலில் வாருங்கள். பிரிக்கனின் முகப்பிலேயே இருக்கும் ஹான்சா அருங்காட்சியகத்தை 2018-ல் நீண்ட பழுதுபார்ப்புக்காக மூடினார்கள். திறந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுத் திட்டமிடுங்கள். கையில் இருப்பது ஒரே நாள் என்றால் மீன் சந்தைச் சாப்பாட்டைத் துறந்து, அந்த ஒரு மணி நேரத்தை யோர்கன் மருத்துவமனைக்குக் கொடுங்கள். கோடையில் மட்டுமே திறந்திருக்கும்.